பி.இ.டி.யில் (வாயு உறிஞ்சலை வைத்துப் பரப்பளவு கணக்கிடும் முறை) சி மதிப்பு மைனஸில் வருகிறது: சீமைக்கருவேலக் கார்பன், உதவி தேவை

காரைக்குடி ஆய்வு மாணவி:
வணக்கம். சீமைக்கருவேலங் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு 700 டிகிரியில் ஆக்டிவேட் செய்தேன், அதாவது நுண்துளைகள் உண்டாக்கினேன். எங்கள் பக்கம் கண்மாய்க்குள்ளேயே மண்டிக் கிடக்கிற மரம். இதில் தண்ணீர் சுத்திகரிக்கிற கார்பன் கிடைத்தால் ஊருக்கே பயன். 77 கெல்வினில் நைட்ரஜன் ஓட்டியதில் கிராமுக்கு 1,180 சதுர மீட்டர் பரப்பு என்கிறது மெஷின். ஆனால் வாயு கார்பனில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்று காட்டும் சி மதிப்பு −86; அது பிளஸாகத்தான் இருக்க வேண்டும். வாயு வெளியேறும் டிசார்ப்ஷன் கோடு 0.1 சார்பு அழுத்தம் (வாயு திரவமாகிற செறிவு அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) வரை இறங்கியும், வாயு ஒட்டும் அட்சார்ப்ஷன் கோட்டோடு சேரவில்லை. திரும்ப ஓட்டினால் பரப்பும் மாறுகிறது. டீகேஸ் (ஓட்டுவதற்கு முன் சூடாக்கி ஈரத்தையும் வாயுவையும் வெளியேற்றுவது) 120 டிகிரியில் 3 மணி நேரம். இந்த எண்ணை ஆய்வேட்டில் போடலாமா?

தேவகோட்டை அண்ணன்:
இப்போதைக்குப் போடாதீங்கம்மா. சாஃப்ட்வேர் வழக்கமான 0.05–0.30 சார்பு அழுத்தத்தை எடுத்திருக்கும். உங்களுடையது நுண்துளைக் கார்பன், 0.05 வருவதற்குள் பெரும்பாலான துளை நிரம்பிடும். அதுக்கு மேல் பி.இ.டி. வரைபடம் வளையும். வளைந்த இடத்தில் நேர்கோடு இழுத்தா வெட்டுத்துண்டு (கோடு செங்குத்து அச்சை வெட்டுகிற இடம்) மைனஸுக்குப் போகும், சி-யும் மைனஸாகும். ரூக்கரால் விதிப்படி பாருங்க: 1-இல் சார்பு அழுத்தத்தைக் கழித்து, உறிஞ்சிய அளவால் பெருக்கி வரையுங்க. அது ஏறுகிற வரைக்கும்தான் புள்ளி எடுக்கணும். இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு புள்ளிகூட வேண்டாம். வருகிற எண்ணையும் "தோற்றப் பரப்பு" என்றே எழுதுங்க. இவ்வளவு குறுகிய துளைக்குள், பி.இ.டி. எதிர்பார்க்கிற மாதிரி வாயு அடுக்கடுக்காகப் படிய இடமில்லை.

பள்ளத்தூர் அக்கா:
120 டிகிரி போதாதுப்பா. வெற்றிடத்தில் 250 டிகிரி, ராத்திரி முழுக்க விடு. எடையை டீகேஸுக்கு அப்புறம் போடு; கார்பன் குடித்திருக்கிற ஈரத்தையும் சேர்த்து நிறுத்தால் பரப்பு குறைச்சலாத்தான் காட்டும். டியூப் கழுத்தில் கருப்பா தூள் ஒட்டியிருக்கா? பம்பை வேகமாத் திறந்தா தூள் மேலே பறக்கும். ஆசிட் போட்டுக் கழுவினியா? பொட்டாசியம் உப்பு மிச்சமிருந்தா துளையை அடைச்சுக்கும்.

காரைக்குடி ஆய்வு மாணவி:
கழுத்தில் மெல்லிய கருப்பு வளையம் இருந்தது அக்கா, பம்பை மெல்லத் திறந்து புதிதாக ஓட்டினேன். ஆசிட்டில் கழுவி, கழுவிய நீர் நடுநிலைக்கு வந்த பிறகே உலர்த்தினேன். 0.005–0.04 எடுத்ததும் சி பிளஸ். கோடுகள் மட்டும் இன்னும் முழுசாகச் சேரவில்லை.

தேவகோட்டை அண்ணன்:
ஒவ்வொரு புள்ளிக்கும் சமநிலை நேரத்தைக் கூட்டுங்க. 77 கெல்வின் குளிரில் 0.7 நானோமீட்டருக்குக் குறைந்த துளைக்குள் நைட்ரஜன் நகரவே திணறும். 273 கெல்வினில், ஐஸ் தண்ணீரில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு ஓட்டிப் பாருங்க. அங்கே செறிவு அழுத்தம் சுமார் 34 அட்மாஸ்பியர். சாதாரண மெஷின் 1 அட்மாஸ்பியர்தான் தொடும், அதாவது 0.03 சார்பு அழுத்தம் வரைக்கும். குறுகிய துளைக்கு அது போதும். மொத்தத் துளைக் கொள்ளளவை மட்டும் அதிலிருந்து எடுக்காதீங்க.