நெரிசல், புகை குறைப்பு மானியம்: விண்ணப்பத்தில் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. பள்ளி வாசல்ல இன்ஜினை அணைக்காம வண்டிகள் வரிசை கட்டி நிக்குது. நெரிசலும் புகையும் குறைய அரசு மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிட்டிருக்கோம். நடைபாதை, சைக்கிள் நிறுத்தம், பொது வேன்னு திட்டமெல்லாம் ரெடி. இடிக்கிறது 'தற்போதைய நிலை' பகுதிதான்.

வண்டிகளை ஆள் வச்சு எண்ணிடலாம். காத்துக்கு என்ன செய்ய? ஈரப்பதம் ஏறினா விலை குறைஞ்ச சென்சார் பி.எம். 2.5 (காத்துல மிதக்குற நுண்துகள்) அளவைக் கூட்டிக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 வழிகாட்டுதல், கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஆண்டு சராசரி. சில வார அளவை அதோட ஒப்பிட்டா கேள்வி வரும் (வரணும்தான்).

வண்டிப் புகையில வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை அளக்குற குழாய் மாட்டிப் பாத்தவங்க இருக்கீங்களா? அளவீட்டுச் செலவையும் மானியத்துலயே கேட்கலாமா? ஒப்புதல் கிடைச்ச விண்ணப்பம் இருந்தா, பேர் ஊர் மறைச்சு 'தற்போதைய நிலை' பகுதியை மட்டும் அனுப்புங்க.