லிவர் கெட்டா அட்ரினலும் படுத்துருமா?

ஈரோட்டுக்காரன்:
ஏனுங்க, எங்கய்யனுக்கு சிரோசிஸ் (லிவர் தழும்பேறி கெட்டுப்போறது), வயித்துல தண்ணி கோத்து ஐசியூல வெச்சிருக்கு, பிபி ஏறவே மாட்டேங்குது சோடியமும் கம்மி, இப்ப கார்ட்டிசால்ங்கற ஹார்மோன பாக்கோணும் அட்ரினல் வீக்கா இருக்கலாம்ங்கறாங்க. லிவருக்கும் கிட்னி மேல இருக்கற சுரப்பிக்கும் என்னங்க சம்பந்தம்?

பொள்ளாச்சி சிஸ்டர்:
இருக்குதுங்ண்ணா. பிபிய தாங்கிப் புடிக்க ஒதவற கார்ட்டிசால அட்ரினல்தான் செய்யுது, அத செய்ய கொலஸ்ட்ரால் வேணும், முத்துன சிரோசிஸ்ல அந்த சரக்கே கொறஞ்சுருது, அதோட இன்ஃபெக்‌ஷனும் சேந்துட்டா ஒடம்பு கேக்கற அளவுக்கு சுரப்பியால குடுக்க முடியறதில்ல.

லேப் மாப்ள:
ஒத்த ரிசல்ட்ட மட்டும் வெச்சு பயந்துக்காதீங்க. கார்ட்டிசால ரத்தத்துல தூக்கிட்டு போற புரோட்டீனும் லிவர்லதான் உண்டாகுது, அது கொறஞ்சா மொத்த கார்ட்டிசாலும் கம்மியாத்தான் காட்டும். அதனால சிந்தெடிக் ஏசிடிஎச் (அட்ரினல தூண்டி விடற ஹார்மோன்) ஊசி 250 மைக்ரோகிராம் போட்டு 30, 60 நிமிசத்துல மறுக்கா ரத்தம் எடுத்து எவ்வளவு ஏறுதுன்னு பாப்பாங்க.

ஈரோட்டுக்காரன்:
அப்ப கார்ட்டிசாலுக்கு பதிலா ஸ்டீராய்டு போட்டா செரியாயிருமுங்களா?

பொள்ளாச்சி சிஸ்டர்:
எல்லாத்துக்கும் போடறதில்லீங்க. ஷாக்குல பிபி மருந்துக்கும் மசியலீன்னா ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு போடுவாங்க, ஆனா இன்ஃபெக்‌ஷன் பயம், சுகர் ஏறும், வயித்துல ரத்தம் கசியலாம். ஆமா, மூட்டு வலிக்குன்னு பேரில்லாத பொடி கிடி எதாச்சும் சாப்புட்டுட்டு இருந்தாருங்களா? சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீர்னு நிறுத்துனாலும் அட்ரினல் படுத்துக்கும். டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிப்போடுங்க.