மறுமொழி: 'அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்' தமிழில்?

> 'தகவமைவுப் பயணக் கட்டுப்பாடு' பொருந்துமா?

வணக்கம் ஐயா.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக் காரின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதிக்குத்தானே பெயர் தேடுகிறோம்? நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் 'பயணக் கட்டுப்பாடு' என்றதும் எனக்குக் கொரோனாக் கால இ-பாஸ்தான் நினைவுக்கு வருகிறது. 'தகவமைவு' என்றால் பள்ளிப் பாடத்து ஒட்டகம். 'வேகக் கட்டுப்பாடு' என்று சுருக்கலாமென்றால், லாரி, வேன்களில் வேகம் மீறாமல் தடுக்கும் கருவி அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டது.

போன மாதம் அண்ணன் காரில் திருச்சி நெடுஞ்சாலையில் போனோம். 90-இல் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிட்டார். முன்னால் ஒரு லாரி 54-இல் போனது. எங்கள் காரும் தானாக 54-க்கு இறங்கியது. லாரி ஒதுங்கியதும் மறுபடி 90-க்கு ஏறியது. பின்சீட்டில் அப்பா "டேய், யாருடா மிதிக்கிறது?" என்றார்.

கவனியுங்கள், அது மாறாமல் காத்தது வேகத்தை அல்ல, இடைவெளியை. அதுவும் மீட்டர் கணக்கில் இல்லை, நொடிக் கணக்கில். 2 நொடி என்று வைத்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் விடும், 54-இல் 30 மீட்டர். 'தூரம்' என்று பெயரிட்டால் இது அடிபட்டுப் போகும். 'இடைவெளி' நேரத்துக்கும் பொருந்தும், தூரத்துக்கும் பொருந்தும். (அந்த 50 மீட்டரைப் பார்த்ததும் பைக்காரர் ஒருவர் நுழைந்துவிட்டார். அது வேறு கதை.)

ஜெர்மானியரும் 'ஆப்ஷ்டாண்ட்ஸ்ரேகல்டெம்போமாட்' என்று இடைவெளியை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்கும், ஆனால் பொருள் துல்லியம்.

என் பரிந்துரை: வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் பழைய வசதிக்கு 'நிலைவேகம்'. முன்வண்டியைப் பார்த்து ஓடுவதற்கு 'இடைவெளியோட்டம்'.

> 'தானோட்டி' சுருக்கமாக இல்லையா? 'இடைகாப்பி'யும் யோசித்தேன்.

'தானோட்டி' வேண்டவே வேண்டாம். 1958-இல் கிறைஸ்லர், வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் கருவிக்கே 'ஆட்டோ பைலட்' என்று பெயர் வைத்தது. பெயரை நம்பி யாராவது கையை விட்டால்? இடைவெளியோட்டம் ஸ்டியரிங்கைத் திருப்பாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பல கார்களில் சரியாகக் கண்டுகொள்ளாது என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. அன்றைக்கு முன்னால் போன பேருந்து சட்டென்று தடம் மாறியதும், அது மறைத்திருந்த பழுதான டிராக்டர் நேர் எதிரே நின்றது. பிரேக்கை அழுத்தியது அண்ணன் கால்தான்.

'இடைகாப்பி'யில் டிக்காஷன் வாசம் அடிக்கிறது. 'இடைவெளிபேணி' என்று மாற்றலாமென்று பார்த்தேன். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குப் பேணி என்றால் தகர டின்.

> 'இடைவெளியோட்டம்' கேட்க ஓட்டப்பந்தயம் மாதிரி இருக்கிறதே?

முதலில் எனக்கும் இருந்தது. ஆனால் "இடைவெளியோட்டத்தைப் போட்டுவிடு" என்று காரில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள், வாயில் வருகிறது. உங்கள் சொல்லை அப்படிச் சொல்வதற்குள் சுங்கச்சாவடி வந்துவிடும்.

சரி, ஸ்டியரிங்கில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதற்கு 'இடைவெளிப் படி' என்று போடட்டுமா? ஒன்றாம் படி நெருக்கம், கடைசிப் படி அகலம். மழைக்காலத்தில் அண்ணன் எப்போதும் கடைசிப் படிதான்.