கவுன்சில் பராமரிப்பிலிருந்து வெளியே வந்த இளையவர்களுக்கு நத்தார் பரிசு: யாரிடம் கேட்பது, என்ன வாங்குவது?

ஹரோ அம்மா:

வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்) விளையாட்டுப் பொருள் சேர்த்து ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். போன முறை அங்கே வைக்க இடமில்லாத அளவுக்கு எல்லாரும் கொடுத்திருந்தார்கள். அதனால் இந்த முறை வேறு யாருக்காவது செய்வோம் என்று பேச்சு வந்தபோது ஒரு பெற்றோர் சொன்னார், பெற்றோரோடு இருக்க முடியாமல் கவுன்சிலின் பொறுப்பில் ஃபொஸ்டர் வீட்டிலும், அதாவது வேறொரு குடும்பத்தோடும், ஹோமிலும் வளர்ந்து 18 ஆனதும் தனி அறைக்குப் போகிற பிள்ளைகளை யாருமே நினைப்பதில்லை என்று. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் எங்கே தொடங்குவது? கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்தால் பெயர், விலாசம் தருவார்களா? ஹோலில் ஒரு பெட்டி வைத்தால் போதுமா? பொருளா, கிஃப்ட் கார்டா? அதற்குள் ஒருவர் பழைய கோட், இன்னொருவர் ஆள் உயரக் கரடி பொம்மை என்று என் கராஜில் கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. 19 வயதுப் பையனுக்குக் கரடியைக் கொடுத்தால் என்ன நினைப்பான் சொல்லுங்கள்.

லீவிங் கேர் டீம்:

அக்கா, நான் லண்டனில் ஒரு கவுன்சிலில் பி.ஏ., அதாவது 18க்குப் பிறகு இந்தப் பிள்ளைகளோடு தொடர்பில் இருக்கும் பெர்சனல் அட்வைசர். இங்கிலாந்தில் 18இல் பராமரிப்பு முடிந்துவிடும், 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விரும்பினால் 25 வயது வரை பி.ஏ. உதவியைக் கேட்கலாம். பெயர், விலாசம் நாங்கள் தரமாட்டோம், கேட்கவும் வேண்டாம். கவுன்சிலில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற லீவிங் கேர் டீமின் மேனேஜருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள், அக்டோபரிலேயே போட்டால் நல்லது. உங்களால் எத்தனை பேருக்கு முடியும் என்று முதலே சொல்லிவிடுங்கள். நாங்கள் பிள்ளைகளிடம் கேட்டு, எண் போட்ட பட்டியல் ஒன்று தருவோம்: "14, பெண், 20 வயது, சமைக்கப் பிடிக்கும், சப்பாத்து 6" என்கிற மாதிரி. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதே அளவில் செய்யுங்கள். ஒரே ஹொஸ்டலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருத்திக்கு ஹெட்ஃபோன், மற்றவளுக்குச் சொக்ஸ் என்றால் ஜனவரியில் சண்டை எங்கள் தலையில்தான் விழும். டிசம்பர் முதல் கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் நாங்களே கையில் சேர்ப்போம், அதற்குப் பிறகு பாதிப் பேர் லீவில் போய்விடுவோம். நீங்கள் நேரில் போய்க் கொடுக்க வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இன்னொன்று, கறுப்புக் குப்பைப் பையில் மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும்போதெல்லாம் தங்கள் உடுப்பு, புத்தகம், படம் எல்லாவற்றையும் அந்தப் பையில்தான் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு குழு நல்ல நல்ல சாமான்களை வாங்கி அதற்குள் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனது. நாங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேறு பைக்கு மாற்றினோம்.

பழைய 17:

நான் 17 வயதில் தனியாக இங்கே வந்து ஃபொஸ்டர் வீட்டில் இருந்து பிறகு கவுன்சில் ஃப்ளாட்டுக்குப் போனவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த நத்தார் பரிசெல்லாம் ஷவர் ஜெல். எல்லா அமைப்பும் அதையே கொடுக்கும், குளிக்காத பிள்ளைகள் என்று நினைக்கிறார்களோ தெரியாது. ஃப்ளாட் சாவியைத் தரும்போது உள்ளே கார்ப்பெட் கூட இல்லை, சிமெந்துத் தரை. வீட்டுக்குச் சாமான் வாங்கக் கவுன்சில் இப்போது 3,000 பவுண் வரை தருகிறது, கட்டில், குக்கர், ஃபிரிட்ஜ் வாங்கினால் பெரும்பகுதி முடிந்துவிடும், கரண்டி, டின் ஓப்பனர், கர்ட்டன் எல்லாம் அந்தக் கணக்கில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. வேலை இல்லாத தனி ஆளுக்கு யுனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவிப்பணம் 25 வயதுக்குக் கீழே என்றால் குறைவு, 2025-26இல் மாதம் 317 பவுணுக்கும் கொஞ்சம் கீழே. முதலே காசு போட்டால்தான் ஓடுகிற கரண்ட் மீட்டராக இருந்தால், ஹீட்டர் போடாவிட்டாலும் தினக் கட்டணம் அதிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும்.

அதனால் என் கருத்து, சுப்பர் மார்க்கெட் கார்டு பாதி, மீதி அந்தப் பிள்ளை தானே கேட்ட ஒரு பொருள். அவசியச் சாமான் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு பி.ஏ. எனக்குக் கிரிக்கெட் பட் வாங்கித் தந்தார், அந்தக் குளிரில் ஃப்ளாட்டுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தேன், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அதைவிட 25ஆம் திகதிதான் கஷ்டம். லண்டனில் அன்றைக்கு பஸ் இல்லை, டியூப் இல்லை, பெரிய கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். கூப்பிட ஆள் இருந்தாலும் போக வழியில்லை. மான்செஸ்டரில் லெம் சிசே என்ற கவிஞர், அவரும் ஃபொஸ்டர் வீட்டிலும் ஹோம்களிலும் வளர்ந்தவர், 2013இல் இவர்களுக்காக நத்தார் தின விருந்து ஒன்றைத் தொடங்கினார். இப்போது பல ஊர்களில் உள்ளூர் ஆட்களே அதை நடத்துகிறார்கள். விருந்துக்கு வருகிறவர்களைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடக் கார் ஓட்டுகிறவர்கள் அவர்களுக்கு எப்போதும் தேவை. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று டீமிடம் கேளுங்கள்.

பொங்கல் பானை:

நாங்கள் பெரும்பாலும் சைவம். நத்தாருக்கு ஏன்? பொங்கலுக்குச் செய்யலாமே, நம் பண்டிகையாகவும் இருக்கும்.

பழைய 17:

நானும் சைவம்தான் அண்ணா. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமாக இருக்கிற நாள் அதுதான், அதற்காகத்தான். பொங்கலுக்கும் ஒன்று அனுப்புங்கள், ஜனவரியிலும் மீட்டர் ஓடும்.

குரொய்டன்:

எங்கள் பக்கம் தனியாக வந்து அகதி அந்தஸ்துக் கேட்ட பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் நிறைய இருப்பார்கள். ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா என்று. நத்தார் கொண்டாடாதவருக்கும் பரிசு பிடிக்கும்தான், ஆனால் மது சேர்த்த சொக்லேட், ஜெலட்டின் போட்ட இனிப்பு வேண்டாம். எரித்திரியாவின் ஓர்தொடொக்ஸ் பிள்ளைகளுக்கு நத்தார் ஜனவரி 7இல், அவர்களுடைய பையைத் தனியாக வைத்தால் போதும். அளவையெல்லாம் ஊகித்து உடுப்பு வாங்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

காசு யாருடைய சொந்தக் கணக்கிலும் சேர வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பள்ளிக்கூடம் பதிவு செய்த அறநிலையமாக இருந்தால் அதன் கணக்கில் இதற்கென்று தனியாகக் குறித்து வாங்குங்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூட வரும், பொருளாகக் கொடுத்தால் அது வராது. மிஞ்சினால் எங்கே போகும் என்று முதலே எழுதிப் போடுங்கள். கிஃப்ட் கார்டு ஒவ்வொன்றையும் கடையில் அக்டிவேட் செய்தார்களா என்று பாருங்கள், ரசீதை வைத்திருங்கள். எங்களுக்கு ஒரு கடையில் அப்படியே வெறும் கார்டாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அதைக் கொண்டுபோய் டில்லில் நிற்கும்போதுதான் தெரியவந்தது.

இல்ஃபோர்ட் கடை:

எங்களிடம் சில்லு வைத்த பயணப் பைகள் விற்காமல் கிடக்கின்றன, புதுசு. கறுப்புப் பைக்குப் பதிலாக அதிலேயே போட்டுக் கொடுக்கலாமா? காசு வேண்டாம்.

லீவிங் கேர் டீம்:

தாராளமாக. பைகள் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் பட்டியல் எண்ணை எழுதி வெளியே கட்டுங்கள்.

ஹரோ அம்மா:

சரி, ஈமெயில் இன்றைக்கே போடுகிறேன். இல்ஃபோர்ட் அண்ணா, எத்தனை பை என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் எத்தனை பேர் என்று டீமிடம் சொல்ல வேண்டும். 25ஆம் திகதி கார் ஓட யார் யார் வருவீர்கள்?