தோட்டத்தில் எடுத்த வருமான விவரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இறுதியாண்டு_தலவாக்கலை:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். சமூகவியல் ஆய்வுக்காக எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குடும்ப வருமானம், கடன் பற்றி வினாக்கொத்து நிரப்பினேன். ஆட்களைத் தெரியாது என்பதால் தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத் தலைவர்) வீடு வீடாகக் கூடவே வந்தார். நல்ல மனிதர், அவர் இல்லாவிட்டால் ஒரு வீட்டு இஸ்தோப்பிலும் (முன் விறாந்தையிலும்) உட்கார்ந்திருக்க முடியாது. இப்போது எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் செலவு வருமானத்தைத் தாண்டி நிற்கிறது, ஆனால் கடன் இருக்கிறதா என்றால் முக்கால்வாசிப் பேர் "இல்லை". அப்படியென்றால் மிச்சக் காசு எங்கிருந்து வருகிறது? வாழ்க்கைத் திருப்திப் பகுதியில் குரோன்பாக் அல்பா என்ற நம்பகத்தன்மை அளவு 0.8க்கு மேல் வந்ததால் விவரம் நம்பகமானது, எழுதத் தொடங்கு என்கிறார் மேற்பார்வையாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொருந்தாத தாள்களை எடுத்துவிட்டு எழுதலாமா, திரும்பப் போக வேணுமா?

பண்டாரவளை_அக்கா:
ஒரு தாளையும் எடுக்காதே தங்கச்சி. பொருந்தாததைத் தூக்கினால் மிஞ்சுவது உண்மை சொன்னவர்கள் இல்லை, கணக்குப் பொருந்துகிற மாதிரி சொன்னவர்கள்.

"மாத வருமானம் எவ்வளவு" என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பாய். பலர் நாட்சம்பளத்தை அப்படியே இருபத்தைந்து நாளால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் எத்தனை நாள் பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழுந்தது, கிலோ குறைந்து எத்தனை நாள் அரைப்பேர், சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் போய் மிஞ்சியது என்ன என்பது சம்பளத் துண்டில்தான் இருக்கும். விருப்பம் இருந்தால் காட்டச் சொல். துண்டில் வராத காசும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறித்துக் கையோடு வாங்குகிற கைக்காசு, கொழும்புக் கடையில் நிற்கிற மகன் அனுப்புவது, லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் போட்ட லீக்ஸ். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால்தான் ஞாபகம் வரும்.

கடனும் அப்படித்தான். அடகு, கடைப் பற்று, சீட்டு, நுண்கடன் என்று பிரித்துக் கேள். முக்கியமாக, யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறாய் என்று பார். புருஷனுக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்த அக்கா, புருஷனும் தலைவரும் நிற்க அதை ஏன் சொல்லப்போகிறார்? கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து திரும்பி வரும்போது கூட நடந்து பேசு, வேறு விடை வரும். சம்பளம் போட்ட கையோடு கேட்கிறாயா, மாசக் கடைசியில் கேட்கிறாயா என்பதையும் தாளில் குறித்து வை.

புள்ளிவிபரம்_ஹாலிஎல:
மேற்பார்வையாளர் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1951இல் குரோன்பாக் விளக்கிய அல்பா, ஒரு தொகுதிக் கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் காட்டும், விடை உண்மையா என்று அதற்குத் தெரியாது. தலைவர் முன்னால் பலர் எல்லாவற்றுக்கும் "உடன்படுகிறேன்" என்று தலையாட்டினாலும் அல்பா ஏறக்கூடும். கேள்விகளில் எதிர்மறையாக எழுதியவை இருக்கின்றனவா பார், அதற்கும் "உடன்படுகிறேன்" என்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு. அதோடு, அந்த அல்பா திருப்திக் கேள்விகளுக்கு மட்டும்தான், வருமானத்துக்கும் கடனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குலுக்கல் முறையில் கொஞ்ச வீடுகளைத் தெரிந்தெடுத்து, தலைவர் இல்லாமல், முடிந்தால் வேறொரு பிள்ளையை அனுப்பி, முக்கியமான ஐந்தாறு கேள்விகளை மறுபடி கேள். முதல் விடைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆய்விலேயே போடு, அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான்.

கடனை நேரடியாகக் கேட்க முடியாவிட்டால் 1965இல் வோர்னர் தொடங்கிவைத்த முறையின் ஒரு வகை உண்டு. ஆள் உனக்குக் காட்டாமல் நாணயம் சுண்டுவார், தலை விழுந்தால் எப்படியும் "ஆம்", பூ விழுந்தால் உண்மை. நூறில் அறுபது "ஆம்" வந்தால் ஐம்பது நாணயத்தால் வந்தது, மிச்ச ஐம்பதில் பத்து, ஆக 20 சதவீதம். ஆனால் மாதிரி பெரிதாக இருக்க வேணும், உனக்குச் சரிவருமா தெரியவில்லை.

லயத்துப்பிள்ளை:
நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித்தொகை வந்ததிலிருந்து, தாளும் பேனையும் கொண்டு யார் வந்தாலும் உதவிக்குப் பெயர் எழுதுகிறார்களா, வெட்டுகிறார்களா என்ற பயம்தான் முதலில். வருமானத்தைக் குறைத்துச் சொல்வது அதனால்தான், அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் யார், இந்த விவரம் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லுங்கள். தலைவரைத் தவிர்க்கவும் வேண்டாம், பிரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்குக் கூடுகிற இடத்தில்) எல்லாருக்கும் அறிமுகம் செய்யச் சொல்லிவிட்டு, வீட்டுக்குத் தனியாகப் போங்கள்.

பண்டாரவளை_அக்கா:
இன்னொன்று. அரசாங்க ஆய்வின் "தோட்டத் துறை" எண்ணோடு ஒப்பிடுவதாக இருந்தால் கவனம். 20 ஏக்கருக்குக் குறையாத, 10க்குக் குறையாத தொழிலாளர் வதியும் தோட்டங்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வீடு கட்டிப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இனக் கணக்கும் அப்படியே, இந்தியத் தமிழர் 1981இல் 5.5 சதவீதம், 2012இல் 4.1. இந்தியாவுக்குப் போனவர்கள் ஒரு பக்கம், இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் இன்னொரு பக்கம்.

இறுதியாண்டு_தலவாக்கலை:
நன்றி அக்கா, அண்ணாமார். எதிர்மறைக் கேள்வி இரண்டு இருக்கின்றன, இப்போதுதான் பார்த்தேன், பாதிக்கு மேல் அதற்கும் "உடன்படுகிறேன்". இதை முதலில் மேற்பார்வையாளரிடம் காட்டுகிறேன். மறுபடி கேட்கும் தாளைச் சம்பளம் முடிந்த வாரத்தில் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன், கேள்விகளை இங்கே போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?