மருதமுனைக்கு முதல்ல கடைத்தொகுதியா, சாயமிடும் நிலையமா?

கேள்வி:
இலங்கைக் கிழக்குக் கரையில இருக்கிற எங்கட நெசவு ஊர் மருதமுனைக்காக, கல்முனை மாநகர சபைக்குக் குடுக்க அபிவிருத்தி யோசனை எழுதிக்கிட்டிருக்கன். பலரும் மெயின் ரோட்டோரம் கடைத்தொகுதி கேக்குறாங்க. எனக்கு மனம் ஒப்பல்ல. 2004 சுனாமியில உம்மாட தறி போன பிறகும் நெசவை நாங்க விடல்ல. இப்பவும் முற்றத்து அடுப்புலதான் நூலுக்குச் சாயம் காய்ச்சுறம். அந்தத் தண்ணி மணல்ல ஊறிக் கிணத்துக்கே இறங்குது. போன மாசம் வாளியில இளஞ்சிவப்பா வந்திச்சு. பொதுவா ஒரு சாய நிலையம் கேக்கலாமா?

பதில் 1:
கேளுங்க நானா. ஆனா கடை வாடகை சபைக்கு வருமானம், அதையும் தள்ளாதீங்க.

பதில் 2:
சாயவேலைக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபைட அனுமதிப்பத்திரம் வேணும். கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவையும் இப்பவே கணக்குல போடுங்க.

கேட்டவர்:
போடுறன். கடைத்தொகுதியில ரெண்டு கடை நம்மட கைத்தறிச் சாரன் (லுங்கி) விக்கிறதுக்கு எண்டும் எழுதுறன்.