புது வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஓயாத ஹம், ஒரு வால்வின் தகடு சிவக்கிறது: உதவி தேவை

தண்டையார்பேட்டை கிட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அத்தான் அமெரிக்காவிலிருந்து வரும்போது எனக்காக ஒரு புது வால்வு ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தார். 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வு, பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வு. பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது, மாற்றிக்கொள்ள சுவிட்ச் இல்லை. அதனால் வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வாங்கி அதன் வழியாக ஓட்டுகிறேன்.

ஆன் செய்து வால்வுகள் சூடேறியதும் தடித்த ஹம் ஒன்று தொடங்குகிறது. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அசைவதில்லை. கிட்டாரைச் செருகினால் அதன்மேல் கரகரப்பான இன்னொரு இரைச்சல் சேர்கிறது. நான் திரும்பி உட்காரும் திசைக்கு ஏற்ப அது கூடிக் குறைகிறது. தந்தியைத் தொட்டால் விரல் நுனியில் லேசாகச் சுர்ரென்கிறது. அறை விளக்கை அணைத்துப் பின்பக்கம் பார்த்தபோது, ஈஎல்84 இரண்டில் ஒன்றின் சாம்பல் நிறத் தகட்டின் நடுவில் மங்கலான சிவப்புத் திட்டு தெரிந்தது. மற்றொன்றில் இல்லை. இரண்டின் கண்ணாடியிலும் நீலச் சாயல் இருக்கிறது.

ஆலயத்தில் பாடகர் குழுவுடன் வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு இதை எடுத்துச் செல்ல ஆசை, ஆனால் இந்த இரைச்சலோடு எப்படி எடுத்துச் செல்வது? வீடு பழையது, ரயில் பாதைக்குப் பக்கம். மின்சார ரயிலால் ஹம் வருமா? விசாரித்த இடத்தில் ஐந்து வால்வுகளையும் மாற்றச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர் வால்வு ரேடியோ எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். வால்வின் மையத்தில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. வெளித்தகடு சிவப்பது இயல்பே அல்ல. ஈஎல்84இன் தகடு தாங்கும் அளவு 12 வாட். அதைத் தாண்டி மின்னோட்டம் ஓடுவதால்தான் சிவக்கிறது. ஓடவிட்டால் வால்வோடு போகாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். நீலச் சாயலை நினைத்துப் பயப்பட வேண்டாம், கண்ணாடியை ஒட்டித் தெரியும் நீலம் நல்ல வால்விலும் இருக்கும். உச்சியில் வெள்ளிபோல மின்னும் பூச்சைப் பாருங்கள். அது பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

ஐந்தையும் மாற்றச் சொன்னதை ஒதுக்கிவையுங்கள். ஹம் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்க்காமல் வால்வு வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. வால்யூமுக்கு அசையாத ஹம், வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் பிறக்கிறது. ஆகவே உள்ளீட்டில் இருக்கும் முதல் 12ஏஎக்ஸ்7இன் மீது இந்தப் பழியைப் போட முடியாது. திசைக்கு ஏற்ப மாறும் கரகரப்பு, தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் கிட்டார் பிக்அப் வழியாக வருவது. அது தனி நோய், தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு ஈஎல்84ஐயும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகச் செருகுங்கள். ஒன்பது பின்களும் மெல்லியவை, ஆட்டாமல் நேராக இழுத்து நேராகவே செருக வேண்டும். பிறகு ஆன் செய்து, கண்ணைப் பின்பக்கத்திலேயே வைத்திருங்கள். சிவப்பு அந்த வால்வோடு இடம் மாறினால் வால்வுதான் கெட்டது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் வால்வில் குற்றமில்லை. பெரும்பாலும் அங்கே, முந்தைய வால்விலிருந்து ஒலிச் சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கும். விடை தெரிந்த கணமே அணைத்துவிடுங்கள்.

உள் பாகங்கள் இருக்கும் உலோகக் கூடான சேஸியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்வதும் கூடாது.

கொருக்குப்பேட்டை பேஸ் எழுதியது:

ரயில் பற்றி நான் சொல்கிறேன், நானும் பாதைக்குப் பக்கம்தான். நம் ரயில்களுக்கு மேலே போவது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரயில் கடக்கும்போது மட்டும் பிக்அப்பில் இரைச்சல் கூடி, கடந்ததும் தணிந்தால் அதைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க ஒரே சீராக இருந்தால் ரயிலை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் காதையே மீட்டராக்கலாம். ஆறாவது தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் பிடித்து, ஆம்ப்ளிஃபையரில் செருகாமல் மீட்டுங்கள். அது ஜி ஸ்வரம், 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு கிட்டத்தட்டச் சேர்ந்து, சற்றே மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள மின்வழங்கலிலிருந்து வருவது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ். அப்போது எர்த், ஹீட்டர் ஒயர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ஃபேனையும் ஒருமுறை சுவிட்சில் அணைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் பாதி வேகத்தில் சுற்றும் ஃபேன், ஒற்றைச் சுருள் பிக்அப்புக்குப் பெரிய தொல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

எண்ணூர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

வால்வைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் "சுர்" தான் உறுத்துகிறது. ஸ்டெப் டவுன் பெட்டியின் அவுட்புட்டில் எத்தனை துளை? நான் பார்த்த பெட்டிகளில் பல வெறும் இரண்டு பின்தான். ஆம்ப்ளிஃபையரின் மூன்றாவது பின் அதில் நுழையாது என்று ஓர் அடாப்டரைப் போடுவார்கள். அந்த இடத்திலேயே எர்த் அறுந்துவிடுகிறது. சேஸி, கிட்டார் தந்தி, உங்கள் கை எல்லாம் எர்த் இல்லாமல் மிதக்கின்றன. மேலும் மலிவான பெட்டிகள் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை, இரு பக்கச் சுருளும் ஒன்றோடொன்று இணைந்தவை. சுவரில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கசிவு இன்னும் கூடும்.

சுவர் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து எழுதுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, மூன்றாவது சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் டிஜிட்டல் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளப்பதால் அரைகுறை எர்த்தும் அதில் நன்றாகவே காட்டும். உறுதி செய்ய எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும், அதை நீங்களே செய்யாதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் எர்த் குழியின் கிளாம்ப் துருப்பிடித்து, கம்பி தொட்டும் தொடாமலும் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். கோடையில் குழி காய்ந்தாலும் எர்த் பலவீனமாகும்.

தண்டையார்பேட்டை கிட்டார் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வால்வுகளை இடம் மாற்றினேன். சிவப்பு வால்வோடு போனது, உடனே அணைத்துவிட்டேன். உச்சிப் பூச்சு இரண்டிலும் வெள்ளியாகத்தான் இருக்கிறது. ஹம் மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்று மேலே, கச்சிதமாகக் கொருக்குப்பேட்டை அண்ணன் சொன்ன இடத்தில். ரயில் போனாலும் வராவிட்டாலும் ஒரே அளவு. ஃபேனை அணைத்ததும் கரகரப்பு பாதியாகக் குறைந்தது.

பெட்டியின் அவுட்புட் இரண்டு துளைதான். அடாப்டரில் எர்த் பின்னுக்கு உள்ளே இணைப்பே இல்லை. சுவரில் ஃபேஸ்–நியூட்ரல் 236, ஃபேஸ்–எர்த் 171, நியூட்ரல்–எர்த் 64.

எண்ணூர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

64 என்றால் அந்தச் சாக்கெட்டில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வேறு பெட்டி வாங்கும் வரை காத்திருக்காமல் முதலில் வீட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள், வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் அதே எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன. மெயின் பலகையில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். பிறகு, உள்ளே மூன்று கம்பி கேபிள், வெளியே மூன்று பின் சாக்கெட், எர்த் நேராகத் தொடரும் ஸ்டெப் டவுன் பெட்டியாக வாங்குங்கள். 15 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போவது. சுவரிலிருந்து அது இழுப்பது பல மடங்கு. பெட்டியின் திறன் 300 விஏ (வோல்ட் ஆம்பியர்) இருந்தால் சூடாகாமல் ஓடும். பெட்டியை ஆம்ப்ளிஃபையரின் மேலோ கிட்டார் அருகிலோ வைக்காமல் தள்ளித் தரையில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையர் ஓடும்போதே அவுட்புட்டை அளந்து 120க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரம்பூர் வால்வு ரேடியோ எழுதியது:

சிவப்பும் ஹம்மும் ஒரே இடத்து நோய், தம்பி. அந்த இரண்டு ஈஎல்84உம் புஷ் புல் முறையில் எதிரெதிராக வேலை செய்கின்றன. மின்வழங்கலில் எப்போதும் கொஞ்சம் 100 ஹெர்ட்ஸ் அலை மிச்சம் இருக்கும். அது இரண்டு வால்வு வழியாகவும் சம அளவில் வந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு வால்வு மட்டும் கூடுதலாக இழுத்தால் அந்தச் சமன் கெட்டு மிச்சம் ஸ்பீக்கரில் கேட்கும். ஆகவே வாங்க வேண்டியது ஐந்து அல்ல, மேட்ச் செய்த, அதாவது ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கும் ஈஎல்84 ஒரு ஜோடி. கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் சமன் வராது. ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகளை ரிச்சி தெருவில் சாதாரணமாக வாங்கி வந்தோம். இன்று புதிதாகத் தயாராவது பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில். புது ஆம்ப்ளிஃபையர் என்பதால் அத்தானிடம் ரசீதை அனுப்பச் சொல்லி உத்தரவாதத்தையும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அளவு 15 வாட் ஆம்ப்ளிஃபையர்களில் பல கேத்தோடு பயாஸ் வகை, அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டம் தானாகவே அமைந்துகொள்ளும், ஜோடியைச் செருகினால் போதும். பயாஸ் திருகு உள்ளதென்றால் மெக்கானிக் அளந்து வைக்க வேண்டும்.

வியாசர்பாடி மேடை எழுதியது:

ஆலயத்தில் மிக்சரோடு இணைத்தால் அங்கேயும் ஹம் வரும். நாங்கள் ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னில் டேப் சுற்றிவிடுவோம், சுத்தமாகிவிடும்.

எண்ணூர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். கை தந்தியில், உதடு மைக்கில், இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தால் அது மார்பு வழியாகப் போகும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். நண்பரே, உங்கள் குழுப் பிள்ளைகளுக்கும் சொல்லி அந்த டேப்பை இன்றே பிரித்துவிடுங்கள். மிக்சரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே சாக்கெட் பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தாலே பெரும்பாலான ஹம் போய்விடும். மிச்சம் இருந்தால், மிக்சருக்குப் போகும் ஆடியோ கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரு பக்கத்தையும் நேரடியாக இணைக்காமல் ஒலிச் சிக்னலை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) போட வேண்டும். வெட்ட வேண்டியது ஆடியோ பக்கத்து இணைப்பை, மின்சார எர்த்தை ஒருபோதும் அல்ல.

தண்டையார்பேட்டை கிட்டார் எழுதியது:

எர்த் குழியில் கிளாம்ப் மாற்றி, கம்பி புதிதாக இழுத்தாயிற்று. நியூட்ரல்–எர்த் இப்போது 2 வோல்ட், டெஸ்ட் லாம்ப்பும் பிரகாசமாக எரிந்தது. மூன்று பின் பெட்டி வந்துவிட்டது, மேட்ச் செய்த ஜோடியும் போட்டாயிற்று. எந்தத் தகடும் சிவக்கவில்லை. தந்தியில் சுர்ரென்பது அடியோடு இல்லை. ஹம், காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால் மட்டும் கேட்கும் அளவு. இப்போது அமைதியாகிவிட்டதால் இன்னொன்று தெரிகிறது: கெய்னை (முன்பகுதியின் பெருக்கத்தை) ஏற்றி வாசித்தால் சில ஸ்வரங்களில் "ணிங்" என்று ஓர் உலோகச் சத்தம் கூடவே வருகிறது. ஐயா, இதுவும் பவர் வால்வா?

பெரம்பூர் வால்வு ரேடியோ எழுதியது:

இல்லை, அது கெய்னோடு ஏறுவதால் முன்பகுதி. பென்சிலின் மரமுனையால் மூன்று 12ஏஎக்ஸ்7இன் தலையிலும் மெதுவாகத் தட்டுங்கள். எல்லாமே கொஞ்சம் "டக்" என்னும். எது மணிபோல நீட்டி ஒலிக்கிறதோ அதுதான் மைக்ரோஃபோனிக் ஆன, அதாவது அதிர்வை மைக் போலப் பிடிக்கும் வால்வு. அது உள்ளீட்டுக்கு அருகில் இருந்தால், அணைத்து ஆறவிட்டு, பவர் வால்வுகளை ஒட்டி நிற்கும் 12ஏஎக்ஸ்7இன் இடத்துக்கு அதை மாற்றி, அங்கிருப்பதை முன்னே கொண்டுவாருங்கள். அங்கே அதற்குப் பின் பெருக்கம் குறைவு, அதனால் சத்தம் மேலே வராது. செலவில்லாமல் முடியும். முடியாவிட்டால் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 வாங்குங்கள்.